ஃபினிஷிங் மட்டும் பாக்கி

...அதத்தான் நானும் கேக்கறேன், வேல முடிஞ்சுதா முடியலயா? வாயத் தெறந்து ஒண்ணு சொல்லணுமில்ல? "எல்லாம் முடிஞ்சுது மேடம், ஃபினிஷிங் மட்டும் பாக்கி." ரெண்டு மாசமா இந்த கார்பெண்டர் இதே பாட்டுதான் பாடறாரு! அட, உள்ள வாங்கம்மா, தனியாப் பொலம்பிக்கிட்டிருக்கேன். எங்க தலகாணி உறை கீழ உங்க வீட்டு வாசல்ல விழுந்துதா? கொண்டாந்து குடுத்தீங்களே, புண்ணியமாப் போகும். நீங்க குடி வந்து மூணு நாளாச்சு, ஒரு வார்த்த பேச முடியல பாருங்க. உக்காருங்க. நான் ஒட்டடை அடிச்சுக்கிட்டே பேசறேன், தப்பா நெனைக்காதீங்க. நாலு மணிக்கு எங்க நாத்தனார் வர்றா.

அதோ, அந்த அலமாரியப் பாருங்க. மூணு பக்கம் பளபளன்னு இருக்கா? நாலாவது பக்கம்? பிளைவுட்டு பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. அதுல ஒரு மெல்லிசு கட்டை ஒட்டணுமாம், பீடிங்காம். அதான் ஃபினிஷிங்.

இந்த வார்த்தைய யார் கண்டுபிடிச்சாங்களோ, கைல கெடச்சா நாலு கேள்வி கேப்பேன். டெய்லர் ஃபினிஷிங்னா கொக்கி வைக்கல, ஓரம் அடிக்கல, மொத்தத்துல போட்டுக்க முடியாது. பெயிண்டர் ஃபினிஷிங்னா இன்னொரு வாரம் மூட்டை முடிச்சோட நாம ஹால்ல படுக்கணும். எங்க வீட்டுக்காரர் இருக்காரே, பாத்திரம் தேய்ச்சுட்டு சிங்க்க அப்படியே விட்டுட்டுப் போவாரு. கேட்டா, "ஃபினிஷிங் நீ பண்ணிக்கோ"ம்பாரு! எனக்குத் தெரிஞ்ச ஃபினிஷிங் ஒண்ணே ஒண்ணுதாம்மா. வேலைக்கு வந்த ஆளு பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பணும், நான் கதவச் சாத்திட்டு காலை நீட்டி உக்காரணும்.

ச்சூ! போ, போ! இந்தப் புறாவுக்கும் என் வீடுதான் கெடச்சுது. இந்தக் குச்சி வந்தப்புறந்தான் கொஞ்சம் பயப்படுது.

எங்க விட்டேன்? ஆங், நாத்தனார். அவ என்னை எப்படிக் கூப்பிடுவா தெரியுமா? 'அரைகுறை.' சொந்தக்காரங்க அத்தன பேர் முன்னாடியும்! "உன் வீட்ல எதும்மா முழுசா முடிஞ்சிருக்கு?"ன்னு சிரிப்பா. நானும் சிரிச்சு வைப்பேன். உள்ளுக்குள்ள வலிக்குமில்ல? அதான் போன வாரம் வீராப்பா போன்ல சொல்லிட்டேன், "அண்ணி, அலமாரி ரெடி, வந்து பாருங்க"ன்னு. ஒடனே வர்றேன்னுட்டா!

காலைல கார்பெண்டர் வந்தாரு. வந்த மனுஷன் ஒட்டிட்டுப் போக வேண்டியதுதானே? "மேடம், பாலிஷ் போட்டு பால்கனில காய வச்ச கட்டையக் காணோம்"ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "நாங்க என்ன கட்டையத் தின்னுட்டோமா? தொலைச்சது நீங்க, பழி எங்க மேலயா? இனிமே இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காதீங்க"ன்னேன். பாவம், டேப்ப சுருட்டிக்கிட்டு போயிட்டாரு. மதியத்துலேர்ந்து போன் பண்றேன், எடுக்கவே மாட்டேங்கறாரு. அவ்வளவு ரோஷம்!

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? மூஞ்சில ஒட்டடையா? இல்லயா? இதுவா? இது குச்சிம்மா. பால்கனில சும்மா சாத்திக் கெடந்துச்சு. நல்ல வழவழன்னு இருக்கேன்னு நுனில பழைய துண்டச் சுத்திக் கட்டி...

பாலிஷா? ஆமா, பாலிஷ் போட்ட மாதிரிதான்...

குடுங்க, குடுங்க, துண்ட நானே அவுக்கறேன். அலமாரிகிட்டயா? வச்சுப் பாக்கணுமா?

ஐயையோ.

அச்சு அசலா உக்காருதே! அம்மாடி, இத வச்சுக்கிட்டுதான் காலைல அவர் மூஞ்சிக்கு நேரா ஆட்டி ஆட்டித் திட்டினேன்! அவராவது சொல்லியிருக்கலாமில்ல? எங்க சொல்றது, நான் வாய மூடினாத்தானே. சிரிக்காதீங்கம்மா, எனக்கே சிரிப்பு வருது. மணி என்ன? ரெண்டரையா? செத்தேன்! உங்க போனக் கொஞ்சம் குடுங்க. என் நம்பர்னா எடுக்க மாட்டாரு.

ஹலோ, கார்பெண்டரண்ணே? நாந்தான்... வச்சுடாதீங்க! கட்டை கெடச்சிருச்சு. எங்கயா? அது... கீழ் வீட்டம்மா கண்டுபிடிச்சாங்க... இல்லண்ணே. பொய் எதுக்கு? என் கைலயேதான் இருந்துச்சு. ரெண்டு மாசமா ஒட்டடை அடிச்சிருக்கேன். தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கோங்கண்ணே... சிரிங்க, நல்லாச் சிரிங்க. நாலு மணிக்குள்ள வந்துருவீங்களா? இன்னும் எவ்வளவு வேல இருக்கு?

...அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்கண்ணே! சரி சரி, சொல்லிக்கோங்க, எத்தன வாட்டி வேணும்னாலும் சொல்லிக்கோங்க. மொதல்ல கெளம்பி வாங்க!