ஐம்பது விநாடி மௌனம்

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் பூசைக்கு வேதாகமம் வாசிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பாதிப் பேர் ஐஸ் பொத்தோங் குச்சி ஐஸைச் சாப்பிடுவது போல அதை வாய்க்குள் விடுவார்கள். மீதிப் பேர் அது கடித்துவிடும் என்று எட்டி நிற்பார்கள். யாரும் சொல்லாமலே சரியான தூரத்தில் நின்றவர் லாசரஸ் ஒருவர்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆய்வு நெறிமுறைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் எனக்கு மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். குரலைப் பதிவு செய்யச் சம்மதக் கையெழுத்து வாங்கினேனா, பங்குத்தந்தையின் அனுமதி இருந்ததா, கோப்புகளைப் பூட்டி வைத்தேனா. வாங்கினேன், இருந்தது, வைத்தேன். இந்த மூன்றை யோசிக்க உங்களுக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. கேட்க வேண்டியது உங்களுக்குத் தோன்றவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நான் ஆர்னால்ட், வயது ஐம்பத்திரண்டு, ஆங் மோ கியோவில் தனியாக இருக்கிறேன். மனநிலை நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தின் வேலை எளிமையானது. ஒருவர் பேசுவதைக் கேட்டு, அவருடைய நாக்கிலோ நரம்பிலோ மூளையிலோ கோளாறு இருக்கிறதா என்று சொல்லக் கணினியைப் பழக்குகிறோம். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பேச்சு கிடைக்கிறது. தமிழுக்கு மருத்துவமனை கொடுத்தது பதினொரு பேர். அவர்களிடம் பனி கொட்டும் ஒரு தெருவின் படத்தைக் காட்டிப் பேசச் சொல்லியிருந்தார்கள். ஈசூனிலிருந்து வந்த ஒரு பெரியவர், "என்னா இது, ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதையும் சேர்த்துத்தான் எங்கள் இயக்குநர் மாநாட்டில் தமிழ்த் தரவு என்று பெருமையாகக் காட்டினார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.

என்னிடம் அதைவிட நல்லது இருந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் இயேசுவின் பாடுகளை முழுவதுமாக வாசிப்போம். ஒவ்வொரு வருடமும் அதே பாடம், ஒரு சொல் மாறாது. மூன்று பேர் பிரித்து வாசித்தாலும் கதையைச் சொல்லிக்கொண்டு போகிற பகுதிதான் பெரியது. இருபது நிமிடத்துக்கு மேல் போகும். அவர் உயிர் விட்டார் என்று வரும் இடத்தில் வாசிப்பு நிற்கும், எல்லாரும் முழந்தாளிடுவோம். எங்கள் பங்கில் அந்த மௌனம் ஏறக்குறைய ஐம்பது விநாடி. பிறகு எழுந்து மிச்சத்தை வாசித்து முடிப்பார்கள். ஒரே ஆள், ஒரே பாடம், ஒரே மைக், நடுவில் அளந்து வைத்தாற்போல ஓய்வு. உலகத்தில் எந்த ஆய்வகத்துக்கும் இப்படி ஒன்று வாய்த்ததில்லை. தேக்கா பக்கத்துக் கோயிலில் அது சும்மா கிடந்தது.

அந்தப் பகுதியை முன்பு ஒன்பது வருடம் வாசித்தவன் நான். நான்கு வருடத்துக்கு முன் புதிதாக வந்த பங்குத்தந்தை அதை லாசரஸிடம் கொடுத்தார். லாசரஸ் தூத்துக்குடிக்காரர், கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர், பொங்கோலில் மனைவி மிரண்டாவோடு குடியிருந்தார். நான் வாசித்தபோது ஜனங்கள் அமைதியாகக் கேட்டார்கள். அவர் வாசித்தபோது அழுதார்கள். ஜனங்கள் எதற்கும் அழுவார்கள். டிவி நாடகம் பார்த்தும் அழுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் ஏதும் இல்லை. ஒலிக்கட்டுப்பாட்டு மேசையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கணினிக்கு ஆரோக்கியமான குரல் என்று ஒரு அளவுகோல் தேவைப்பட்டபோது என்னுடைய ஒன்பது வருடப் பதிவுகளையே கொடுத்தேன். பொருத்தமானது அதுதான்.

போன வருடப் பெரிய வெள்ளிப் பதிவைக் கணினியில் ஓட்டியபோது திரையில் குரலின் தெளிவைக் காட்டும் கோடு பதினெட்டாம் நிமிடத்தில் சரிந்தது. லாசரஸின் குரல் மூக்கு வழியாகக் கசிய ஆரம்பித்திருந்தது, சொற்களின் ஓரம் மழுங்கியிருந்தது. முழந்தாளிட்டு எழுந்த பிறகு ஒன்றரை நிமிடம் குரல் சுத்தமாக இருந்தது. பிறகு மறுபடி சரிந்தது. உழைத்தால் தளர்ந்து, ஓய்ந்தால் தேறும் தசை. மயஸ்தீனியா என்று அதற்குப் பெயர். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையில் அடங்கும். விட்டுவிட்டால் ஒருநாள் விழுங்கவும் மூச்சு விடவும் முடியாமல் போகலாம். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். மாத்திரை ஆரம்பித்தால் குரல் சரியாகிவிடும். சரியான குரல் என்னிடம் மணிக்கணக்கில் இருந்தது. ஒரு கோளாறு முதல் நாளிலிருந்து யார் கையும் படாமல் வளர்வதை ஒரே மனிதனிடம் கேட்பதுதான் கிடைக்காத பொருள். அதற்கு இன்னொரு பெரிய வெள்ளி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே காத்திருந்தேன். ஞாயிறு வாசகங்களில் அவர் குரல் தளரும் இடங்களில் ஒலியைக் கொஞ்சம் ஏற்றி, மூக்கொலியைக் குறைத்து விட்டேன். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தும் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. பூசை முடிந்ததும் எங்கே பிரியாணி என்று கிளம்புகிற கூட்டத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது. திருத்தாத பதிவு எனக்கென்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

கவனித்தவர் மிரண்டா. நவம்பரில் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, சாயங்காலம் ஆனா இவுக பேச்சு மூக்குல வருது. சோறு முழுங்கவும் செரமப்படுதாக. ஒங்க மெஷின்ல ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்துச் சொன்னேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நன்றாகத் தூங்கி எழுந்து வரச் சொல்லி, ஆய்வகத்தில் இரண்டு நிமிடம் மட்டும் பேசவைத்தேன். கோடு நேராகப் போனது. எல்லாம் இயல்பு என்று ஆய்வகத்தின் முத்திரையோடு தாள் வந்தது. அந்தத் தாளில் ஒரு பொய்யும் கிடையாது. மிரண்டா அதை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக் போனார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வேலைக் களைப்பு என்று சொல்லி வைட்டமின் கொடுத்து அனுப்பியிருக்கிறார். முத்திரையைக் கண்டால் மூளையைக் கழற்றி வைத்துவிடுகிற ஊர் இது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு ஐந்து நாள் முன்பு, குருத்து ஞாயிறன்று, லாசரஸ் என்னிடம் வந்தார். இடது கண்ணிமை பாதி இறங்கியிருந்தது.

"இந்தத் தடவ நீங்க வாசிங்கண்ணே. எனக்கு முழுசா முடியுமான்னு தெரியல. ஃபாதர்ட்ட நானே சொல்லிடுதேன்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. நான் மறுத்தேன். பொறாமை என்று எங்கள் ஆய்வகத்து ரோஷினி உங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதியிருக்கிறாரே, பொறாமைக்காரன் மறுப்பானா?

"உங்க குரலக் கேக்கத்தான் எல்லாரும் வர்றாங்க. ரிப்போர்ட்தான் நல்லா இருக்குல்ல, பயப்படாதீங்க லா. மைக்க நான் பாத்துக்கிறேன்."

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

பெரிய வெள்ளியன்று பன்னிரண்டாம் நிமிடத்திலேயே கோடு சரிந்துவிட்டது. பதினாறாம் நிமிடத்தில் கீழ்த்தாடை தொங்காமல் இருக்க அவர் கையால் தாங்கிக்கொண்டு வாசித்தார். பக்தியில் அப்படி நிற்கிறார் என்று ஜனங்கள் நினைத்தார்கள், வழக்கம்போல அழுதார்கள். முழந்தாளிடும் இடம் வந்தது. எல்லாரும் தலை குனிந்தார்கள், நான் திரையைப் பார்த்தேன். ஐம்பது விநாடி கழித்து அவர் எழுந்து வாயைத் திறந்தபோது குரல் முழுசாக, முதல் வருடத்தில் இருந்தது போலவே, வந்தது. நாற்பது விநாடி நின்றது. என் வாழ்நாளில் அதைவிட அழகான வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, உயிர்ப்பு ஞாயிறன்று, மத்தியானச் சாப்பாட்டில் அவருக்குப் புரையேறியது, மூச்சு முட்டியது. ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் ஒரு மணி நேரத்துக்குள் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை விடியலில் இறந்தார். வயது நாற்பத்து நான்கு.

அடக்கம் முடிந்த பிறகு மிரண்டா அவர் குரல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் ஒலியைத் திருத்திய பதிவை ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் போட்டுக் கொடுத்தேன். திருத்தாததைக் கொடுக்கவில்லை. என்னிடம் இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, ரோஷினி சந்தேகப்படுவது சரி. எங்கள் ஆய்வகத்துப் பேச்சுப் பயிற்சியாளரான அவர் என் கோப்புகளில் தேதிகளைப் பார்த்து உங்களுக்கு எழுதினார். அவர் ஒருவருக்குத்தான் அங்கே காது இருக்கிறது என்று நினைத்திருந்தேன். லாசரஸுக்கு நோய் இருப்பது ஒரு வருடமாக எனக்குத் தெரியும். தெரிந்து மறைத்தேன். பொய்யான நிம்மதியைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். விலக வந்தவரை நிறுத்தி வாசிக்கவைத்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். விஞ்ஞானத்துக்காகச் செய்தேன், வேறு எதற்காகவும் இல்லை. போலீசுக்கு அனுப்ப வேண்டுமானால் அனுப்புங்கள்.

ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். ரோஷினியின் அறிக்கையில் நான்காம் இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் இருவரையும் அறியாத ஏழு பேரைக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல் இரண்டு பதிவுகளைப் போட்டிருக்கிறார். ஒன்று, நான் கடைசியாக வாசித்த வருடத்தின் கடைசி நிமிடம். இன்னொன்று லாசரஸ் இந்த வருடம் வாசித்த கடைசி நிமிடம், தாடையைப் பிடித்துக்கொண்டு, பாதிச் சொல் மூக்கில் போக வாசித்தது. அடுத்த வருடம் யார் வாசிக்க வேண்டும் என்று கேட்டதற்கு ஏழில் ஆறு பேர் அவரைச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆறு பேரின் செவியை முதலில் பரிசோதிக்க வேண்டும். அறிக்கையின் மற்ற எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள், இந்தக் கடிதத்திலும் போட்டுவிடுகிறேன்.