நல்லமுத்துவின் கை மறக்கவில்லை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியப் பெருந்தகை காளிதாஸ் அவர்களே! புலாவ் செபாங்கின் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து போடும் டிரசர் சேகரன் வணங்குகிறேன்.

நினைவு எங்கே இருக்கிறது? மூளையிலே! பெட்டியில் மடித்த புடவையாய் ஒரே இடத்திலா? இல்லை ஐயா! பெயருக்கு ஒரு பாதை, முகத்துக்கு ஒரு பாதை, கைப்பழக்கத்துக்கு வேறொரு பாதை!

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐம்பத்தொன்றில், ரப்பர் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டும் நம் நல்லமுத்து அண்ணன் தலையில் காய்ந்த கிளை முறிந்து விழுந்தது. மூன்று வாரம் படுக்கை. உயிர் மீண்டது, உறவு மீளவில்லை, தன் பெயரே மீளவில்லை! மனைவி ஜானகி அக்கா கஞ்சி நீட்டியபோது, "நீங்க யாரும்மா? உட்காருங்க" என்றார். அக்கா அடுப்படியில் அழுதுவிட்டு வந்து, மறுபடியும் ஊட்டினார். சிரிக்காதீர்கள் தம்பிகளே, அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஒரு காலை, அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். முள்கம்பி வேலி வாசலில் புதிதாக வந்த காவலர் மறித்தார். அடையாளக் கார்டுப் படத்திலே அடர்ந்த முடி. எதிரிலே வைத்தியத்துக்கு மழித்த மொட்டைத் தலை!

"நாமா சியாப்பா?" பெயரைக் கேட்டார். அண்ணன் விழித்தார். காட்டில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்த அவசரகாலமல்லவா? பெயர் சொல்லாதவன் காட்டிலிருந்து வந்தவனோ? துப்பாக்கி உயர்ந்தது!

"என் புருசன்யா! மரம் வெட்டுறவரு!" அக்கா குறுக்கே பாய்ந்தார். நான் மலாயில் சொன்னேன், காவலர் நம்பவில்லை. "அப்படியானால் வெட்டிக் காட்டட்டும்!"

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த முனியம்மாவின் கத்தியை வாங்கி, கணவர் கையில் வைத்தார் அக்கா. பெயர் மறந்தவர் வேலியோரத்து ரப்பர் மரத்தருகே குனிந்தார். பழைய வெட்டுத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். இழுத்தார் ஒரு வெட்டு! காகிதம்போல் பட்டை சுருண்டது, பால் பொங்கியது! திரும்பிப் பாராமலே கையை நீட்டி அதட்டினார்:

"மங்கு எங்க ஜானகி? பால் கொட்டுதுலா!"

ஜானகி! ஐந்து வாரத்துக்குப் பின் அந்தப் பெயர்! துப்பாக்கி தாழ்ந்தது. அக்கா பால் பிடிக்கும் மங்கு எதையும் தேடவில்லை. பால் வழிந்த அந்தக் கையையே பிடித்துக்கொண்டார்.

(கைதட்டுங்கள், இருவரும் அதோ முன்வரிசையில்தான்!)

கை போன வழியில் பெயர் வந்தது. பிறகு ஒவ்வொன்றாய், மெல்ல மெல்ல, மற்றவையும் வந்தன. ஆகவே சொல்கிறேன்: மறந்தவரைக் கேள்வி கேட்டு மடக்காதீர்கள்! பழகிய வேலையைக் கொடுங்கள், பழகிய பாட்டைப் பாடுங்கள், பக்கத்திலே நில்லுங்கள்! ஒரு கதவு அடைபட்டிருந்தால் மறு கதவைத் தட்டுங்கள். உள்ளே ஆள் இருக்கிறார்!

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி! வணக்கம்!