டேங்கில் கலந்தது

2014, மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைவிழா முடிந்த மறுநாள், புதன்கிழமை. நாகர்கோவில் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் கார் மெக்கானிக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பிளாஸ்கை மடியில் வைத்திருந்தவர் காரின் சொந்தக்காரர்.

"சாராயம் குடிச்சது ஒனக்க வண்டி. பழி மட்டும் எனக்கா மக்கா?" என்றார் மெக்கானிக்.

"மெதுவா பேசு."

"பழைய டர்போ வண்டி. பெட்ரோல்ல பாதிக்குப் பாதி எத்தனால் கலந்தா பறக்கும்னு நெட்டுல படிச்சது நீ. பெட்ரோல் போற ரப்பர் ஓஸ் தாங்காதுன்னு நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"ஓஸ் விண்டு, எஞ்சின்ல கொதிக்குற டர்போ மேல ஒழுகி தீ பிடிச்சுது. வெந்தது ஒனக்க மச்சான். ஒனக்க அக்கா எனக்க வீட்டு முன்னால வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போறா."

"மச்சான் கண்ணு தொறக்கட்டும். நானே அக்காகிட்ட சொல்லுதேன்."

வடசேரி தாண்டியதும் பிளாஸ்க் வைத்திருந்தவரின் செல்போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார்.

"மச்சான் போயிட்டாரு."

மெக்கானிக் கேட்டார்: "இப்ப சொல்லுவியா?"

"இனி எப்பிடி மக்கா சொல்லுவேன்?"

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மெக்கானிக் இறங்கினார். பிளாஸ்க் வைத்திருந்தவர் இறங்கவில்லை.