கையோட கையா

— கூலி ஒண்ணுதான் சார். கார் இன்ஜின் பெல்ட் மாத்தறதுக்காக எல்லாத்தையும் பிரிச்சாச்சு. அதுக்குப் பின்னாடியே வாட்டர் பம்ப் உக்காந்திருக்கு. கையோட கையா அதையும் மாத்திடுவோம்.

— ஒழுகுதா?

— இன்னும் ஒழுகல.

— சத்தம்?

— பிரிக்கறதுக்கு முன்னாடி காதை வெச்சுக் கேட்டேன். லேசா முனகுது.

— முனகுறதையெல்லாம் மாத்தணும்னா, தம்பி, எங்க வீட்டுல முதல்ல என்னைத்தான் மாத்தணும். நான் பெயிண்ட் கடைக்காரன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் மூணு கோட் அடிக்கணும்னு நானும்தான் சொல்லுவேன். என்கிட்டயே வித்தையைக் காட்டாதே.

— அக்கா, நீங்களாவது பம்பை அசைச்சுப் பாருங்க. ஆடுதா? ஓடும்போது இது இறுகி நின்னா பெல்ட் அறுந்துடும். பெல்ட் அறுந்தா இன்ஜினே காலி.

— ஆடுது. மாத்திடுங்க தம்பி.

— நீ சும்மா இரும்மா. அவகிட்ட ஏன்ப்பா கேக்கறே? அவளுக்கு வண்டியில ஹாரனும் தெரியாது, வைப்பரும் தெரியாது.

— லைசென்ஸ் இருக்குங்க எனக்கு.

— பீரோவுல இருக்கு.

— அது கெடக்கட்டும் சார். சீட்டை ஏன் கடைசி வரைக்கும் தள்ளி வெச்சிருக்கீங்க? என் காலுக்குப் பிரேக் எட்டல. வண்டியை உள்ள கொண்டு வர்றதுக்குள்ள சுவத்துக்கு முத்தம் கொடுக்கப் பார்த்தேன். லீவரும் துருப்பிடிச்சுக் கெடக்கு.

— அது என் உயரத்துக்கு வெச்சது. வாங்கின நாள்லேருந்து அசைஞ்சதில்லை, அசையவும் வேண்டாம். நீ பம்புக்கு வா. வீட்டை விட்டா கடை, கடையை விட்டா வீடு. இந்த ஓட்டத்துக்குப் புதுப் பம்ப் எதுக்கு?

— ரெண்டு தெருங்க. நடந்தே போகலாம்.

— ஊருக்குள்ளன்னா ஓட்டலாம் சார், நான் மறைக்கல. சூடு ஏறினா ஓரமா நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்க. மலை மட்டும் ஏறிடாதீங்க.

— மலை ஏறணும்.

— என்ன சொன்னே?

— மலை ஏறணும் தம்பி. ஏத்தம் முழுக்கத் தாங்கணும்.

— மலைக்கு அந்தப் பக்கம் நமக்கு என்ன இருக்கு? ஓ. அந்தக் கிளை மேனேஜர் உத்தியோகமா? அதான் வேண்டாம்னு சொல்லியாச்சே.

— சொன்னது நீங்க. வேலை குடுத்தது எனக்கு.

— சார், நான் வேணா கொஞ்சம் வெளியில நிக்கட்டுமா?

— நீ எங்கயும் போகாதே. ஏம்மா, இதை ஒரு மெக்கானிக் ஷெட்டுல வெச்சா சொல்லுவே?

— வீட்டுல சொன்னேன். நீங்க டிவி சத்தத்தைக் கூட்டினீங்க.

— சரி, சண்டை வேண்டாம். பேசி முடிப்போம். ஒரு வருஷம் போகட்டும்.

— போன தடவையும் இதே ஒரு வருஷம்தான்.

— ஆறு மாசம்.

— திங்கக்கிழமை சேரணும்.

— பேரம்னா நீயும் கொஞ்சம் இறங்கி வரணும்.

— இது விலைக்கு வெச்ச சாமான் இல்லைங்க.

— அப்படியா? கடையை மூடிட்டு உன்னை மலை தாண்டிக் கொண்டுவிட என்னால முடியாது. இப்பவே சொல்லிட்டேன்.

— நான் கேக்கலையே.

— கேக்காம? வண்டி என்ன தானா ஏறுமா? யாரு ஓட்டுவா?

— தம்பி, பம்பை மாத்திடுங்க. கையோட கையா அந்த லீவருக்கு எண்ணெய் விட்டு, சீட்டையும் முன்னால இழுத்து வெச்சுடுங்க.