பூங்கா ஓரத்துப் பலகை நிலம்

எனக்குத் திருத்தமாக எழுத வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள். ஹனோவர் டிராமில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி இருந்தார்கள். பூங்கா ஓரத்தில் விலைக்கு வந்திருக்கும், உலகப் போருக்கு முந்திய, பலகைத் தரை போட்ட வீடொன்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

"நீர் ஏன் வாசல்லை சப்பாத்தைக் கழட்டினனீர்? வீடு பாக்க வந்த மற்றச் சனமெல்லாம் சிரிச்சது. இனி எங்களுக்குத் தரமாட்டினம்," என்றார் கணவர்.

"அவ்வளவு பழைய பலகை நிலமப்பா. சப்பாத்தோட மிதிக்க மனம் வரேல்லை."

கணவருடைய கைபேசி அடித்தது. ஜெர்மன் மொழியில் பேசிவிட்டு, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரக் கிழவி. தன்ரை தகப்பன் பதிச்ச நிலமாம். சப்பாத்தைக் கழட்டினது நீர் மட்டும்தானாம். எங்களுக்கே விக்கிறாவாம்."

"அப்ப அந்தப் பூங்கா மரமெல்லாம் இனி எங்கட யன்னலிலையோ?"

"ஓம்."

தகப்பன் என்றாரா, தகப்பனின் தகப்பன் என்றாரா? அவர்களை அறிந்தவர்கள் கேட்டுத் திருத்திவிடுங்கள்.