ஏழாவது குழாய்

மொதல்ல வலது கால் சார். உறையைப் போட்டுக்கிட்டு இந்தக் கோட்டைத் தாண்டுங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் தூசி, இந்தப் பக்கம் சுத்தம். பதினெட்டு வருஷமா இப்படித்தான் ஆளுங்களை உள்ள அனுப்புறேன். எங்க ஆராய்ச்சிக்கூடத் தலைவர், பெரியவர், சொல்றது சரியான்னு சோதிக்க வந்த நீங்களும் தொப்பி போட்டுக்கத்தான் வேணும். முடி கம்மிதான், தெரியுது. அந்தக் கம்மியும் உள்ள விழுந்துடக் கூடாதில்ல.

அதுவா? எங்க சாமான் பலகை. ஸ்பேனர், இடுக்கி, டார்ச், ஒவ்வொண்ணுக்கும் அதோட எடத்துல கோடு வரைஞ்சிருக்கும். பலகை நெறைஞ்சாத்தான் குழாயை மூடணும்னு சட்டம். அந்தக் குட்டிக் கண்ணாடியா? பல் டாக்டர் வச்சிருப்பாரே, அதே மாதிரிதான், குழாய்க்குள்ள மூலைமுடுக்கு பாக்க. ஆமா, அது மட்டும் பளபளன்னு இருக்கு. புதுசு சார். கையை நீட்டுங்க, கையுறை.

இது என்ன மெஷின்னு என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டாரு. துகளையெல்லாம் விரட்டு விரட்டுன்னு விரட்டி ஒரு தகட்டுல மோத விடுறோம்னேன். எதுக்குன்னாரு. சூரியன்ல நடக்குற மாதிரி அணுக்களைச் சேத்து கரண்ட் எடுக்க ஒரு உலை வரப்போகுது, அதோட சுவர் அடி தாங்குமான்னு இப்பவே பாக்குறோம்னேன். உலை எப்ப வரும்னாரு. இன்னும் சுவரே கெடைக்கலையேன்னேன். அதோட கேக்குறதை விட்டுட்டாரு.

தகராறு இந்த ஏழாவது குழாய்லதான். உள்ள போற துகள்ல பாதி வெளிய வர்றதில்ல, எட்டு மாசமா. துகளெல்லாம் ஒண்ணையொண்ணு நெட்டித் தள்ளுதாம், உலகத்துல யாருமே பாக்காத புது விளைவாம், பெரியவர் கண்டுபிடிச்சிட்டாரு. நாலு நாட்டுல போய்ப் பேசிட்டாரு. போன எடமெல்லாம் கைதட்டல்.

என் அக்கா மகளும் இங்க விஞ்ஞானிதான். அவ ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தா, ஒரு தடவை திறந்து பாத்துடலாமேன்னு. அவ்வளவுதான். திறந்தா மூணு வாரம் வேலை நிக்கும், உனக்குப் புரியலைன்னா மெஷினைக் குத்தம் சொல்லாதேன்னு பெரியவர் கூட்டத்துல வச்சே சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். இப்ப அவ ஸ்டோர்ல போல்ட்டு எண்ணிக்கிட்டிருக்கா. பெரியவர் சொல்றதுதான் சரின்னு நீங்க எழுதிட்டா அந்த வேலையும் போயிடும். கூட்டம் நடந்த அன்னிக்கு நேரா என் வீட்டுக்கு வந்தா. நீயாவது என்னை நம்புறியா சித்தின்னு கேட்டா. சாப்பிடுன்னு சொன்னேன்.

மூச்சு முட்டுதா? முகமூடியைக் கொஞ்சம் தளத்திக்குங்க.    உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்.

எட்டு மாசம் முன்னாடி ஏழாவது குழாயை மூடினது நான்தான் சார். அன்னிக்குப் படம் பிடிக்க ஆள் வந்திருந்தாங்க. மூடு மூடுன்னு பெரியவர் பின்னாலயே நின்னாரு. மூடி, காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்தப்புறம்தான் பலகையைப் பாத்தேன், ஒரு எடம் காலி. வேலை போயிடுமேன்னு பயம். மறுநாள் கடையில ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன்.

ஆமா, அந்தக் கண்ணாடிதான். திறக்கச் சொல்லுங்க, இடது பக்கமா பழசு துகளை மறிச்சுக்கிட்டு கெடக்கும். இடுக்கியால எடுத்துடலாம். அப்ப மட்டும் ஸ்டோர்லேருந்து அவளைக் கூப்பிட்டு விடுங்க சார். அவ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல.