இரண்டு கைப்பிடி மிச்சம்

இரவு இரண்டே கால். வேம்பார் ரோடு. திரும்பிப் பார்க்காதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஜாபேஸ் திரும்பவில்லை. ஆனால் ஸ்கூட்டர் கண்ணாடியை மடக்கி வைக்க மறந்துவிட்டான்...

இடது கையால் தடவி அதைக் கீழே சாய்த்தான். கண்ணை ரோட்டிலேயே வைத்திருந்தான்.

காலிடுக்கில் ஒரு பெயிண்ட் வாளி. உள்ளே மணல். வீட்டில் கொட்டும்போது பொடிப்பொடியாகக் காய்ந்திருந்த மணல். உப்பளம் தொடங்கியதும் அவன் பாதம் நனைந்தது. வாளி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடற்பாசி அழுகிய வாடை. அப்புறம் அந்தச் சத்தம். ஒரு மூச்சு. இழுக்கிற மூச்சு மட்டும். பின்கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

ஜாபேஸ், வேம்பாரில் இருக்கிற என் சிநேகிதன் கிங்ஸ்டனோடு படிக்கிறவன். சொந்த ஊர் நாசரேத், வீடு தூத்துக்குடியில். அவன் அம்மா ஈவாஞ்சலின் டீச்சர் போன வருடம் இறந்துபோனார். பழைய போனோடு வீடியோக்கள் எல்லாம் போயின. மிஞ்சியது ஒரே ஒரு ரெக்கார்டிங். அடுப்படியில் நின்று, அவன் தங்கை, ஒன்பது வயது ஜெப்ஸிக்காக, ஆட்டுக்குட்டியைப் பற்றித் தானே கட்டிப் பாடிய பாட்டு. மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. போனில் போட்டால் தகரக் குரல். அம்மா பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினான். கையகல ஆம்ப்ளிஃபயர் ஒன்று. கம்ப்யூட்டர் மேசையில் வைத்தான். அது இரும்பு மேசை. வால்யூமைக் கூட்டினால் அம்மாவுக்கு அடியில் மேசையும் சேர்ந்து பாடியது. ஸ்பீக்கரை மேசையிலிருந்து தூக்கு, காது உயரத்துக்கு வை, நீயும் இரண்டு ஸ்பீக்கரும் முக்கோணமாக இருக்க வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். பி.வி.சி. குழாயை வெட்டி இரண்டு ஸ்டாண்ட் செய்தான். வெறும் குழாய் அதிருமாம். காய்ந்த மணல் நிரப்ப வேண்டுமாம்.

அந்த வாரம் வேம்பார் கோயில் கொடியேற்றத்துக்குக் கிங்ஸ்டன் கூப்பிட்டிருந்தான். திரும்பும் வழியில், பனைகள் முடிகிற இடத்தில், ஜாபேஸ் தனியாகக் கரையில் இறங்கினான். எங்கே தோண்டினாலும் ஈரம். ஒரே ஒரு மேடு மட்டும் சீனி மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஆள் நீளம். சுற்றிலும் சங்குகள், வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாசரேத்துப் பையனுக்குக் கடற்கரை வழக்கம் என்ன தெரியும்? பிள்ளைகள் விளையாடிய இடம் என்று நினைத்தான். இடைஞ்சலாக இருந்த இரண்டு சங்கை எடுத்து மல்லாத்திப் போட்டான். வாளி நிறைய அள்ளினான். மூடி பொருந்த வேண்டுமே... கையால் வழித்துத் தலைதட்டினான். வீட்டில் அந்த வாளி மணல் முழுவதையும் இரண்டு ஸ்டாண்டுக்குள்ளும் கொட்டி நிரப்பினான்.

முதல் நாள் ராத்திரி, சத்தியமாக, அம்மா வந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், நிற்கிற உயரத்தில் குரல்.

"அண்ணே... அம்மா மானிட்டருக்குப் பின்னால நிக்காவ" என்றாள் ஜெப்ஸி.

அப்பா செல்வதுரை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாம் நாள், பாட்டின் இரண்டு அடிக்கு நடுவே ஒரு மூச்சு கேட்டது. நீளமாக... இழுத்தது. விடவில்லை. ஹெட்போனில் போட்டுப் பார்த்தான், இல்லை. போனில் இல்லை. ஸ்பீக்கரில் மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் அந்த மூச்சு அம்மா இருந்த நட்டநடுவுக்கு வந்துவிட்டது. அம்மா இடது ஓரத்துக்குப் போயிருந்தார். நான்காம் நாள் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம். இப்போது ஹெட்போனிலும் அப்படித்தான். குரல் தேய்ந்துகொண்டே போனது.

"அம்மா ஏன்ணே தள்ளித் தள்ளிப் போறாவ?"

ஐந்தாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கிங்ஸ்டனைக் கூப்பிட்டான். அவன் சிரித்தான்.

"ஏலே, வயர மாத்திக் குத்திருப்ப. சிவப்புல கறுப்பு. அப்படிக் குடுத்தா நடுவுல குரலே நிக்காதுல்லா."

"நாலு தடவ பாத்துட்டேம்ல. வயரு சரியாத்தான் இருக்கு. மண்ணு நெரப்புனதுல இருந்துதாம்ல..."

"எந்த மண்ணு?"

போனைக் கிங்ஸ்டனின் சித்தப்பா இனிகோ வாங்கினார். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்.

"தம்பி, மண்ண எங்கன அள்ளுன?"

சொன்னான்.

"அது ஒருத்தனப் பொதச்ச குழிலே. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல செத்துக் கரை ஒதுங்குனவன். மூச்ச இழுத்துட்டுக் கீழ போனவன், விடவே இல்ல. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதான் சங்கக் கவுத்தி வச்சிருக்கோம். வாய் தொறந்து கெடந்தா யாரு கூடயாவது ஒட்டிக்கிடுவான்."

"இப்ப என்ன செய்ய?"

"விடியுமுன்ன கொண்டு போட்டுரு. அள்ளுன அளவு போடணும். கொறையவும் கூடாது, கூடவும் கூடாது. சங்கக் கவுத்தி வை. போற வழியில திரும்பிப் பாக்காத."

"நீங்களும் வாரீங்களா?"

"அள்ளுனவன்தாம்ல போடணும்."

ஸ்டாண்ட் இரண்டையும் கழற்றி அதே வாளியில் கொட்டினான். அதே மாதிரித் தலைதட்டினான்.

மிஞ்சியது.

இரண்டு கைப்பிடி மணல் மிஞ்சியது. அவன் அள்ளியது ஒரு வாளி. ஒரு பொட்டுக்கூட அதிகமில்லை. வாளி மணல் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. மிஞ்சியது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது... அடுப்படியிலிருந்து வந்து நெற்றியைத் தொடுகிற கை மாதிரி. கூடவும் கூடாது என்று சொன்னாரே? மிச்சத்தை ஜெப்ஸியின் டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினான்.

அந்தப் பயணத்தைத்தான் முதலில் சொன்னேன். மேட்டில் மணலைக் கொட்டினான். சங்குகளைத் தடவித் தடவிக் கவிழ்த்தான். இப்போதாவது ஒரு மூச்சு வெளியே வரும் என்று காத்து நின்றான். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு வரவே இல்லை.

வீடு வந்து ரெக்கார்டிங்கைப் போட்டான். மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. குக்கர் விசில் இருந்தது. குழாய் சொட்டுவது இருந்தது. பாடுகிற ஆளைக் காணோம்.

தரையில் ஜெப்ஸி உட்கார்ந்திருந்தாள். டிபன் டப்பாவைக் காதில் வைத்திருந்தாள்.

"அண்ணே, அம்மா இதுக்குள்ள வந்துட்டாவ."

பிடுங்கிக் கேட்டான். ஆட்டுக்குட்டிப் பாட்டு. முழுப் பாட்டும். எந்த ஸ்பீக்கரிலும் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. அழுதுவிட்டான். பாட்டு முடிந்தது. அப்புறம்... நீளமாக ஒரு மூச்சு. இழுக்கிற மூச்சு மட்டும்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. டப்பாவை ஜெப்ஸி யாரிடமும் தருவதில்லை. தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறாள். நேற்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான் ஜாபேஸ். தூக்கத்தில் அவள் மூச்சை இழுத்தாள். விடவில்லை. எண்ணினான். பத்து... இருபது... நாற்பதில் உலுக்கி எழுப்பினான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. எழுந்தவள் வாயில் உப்புக் கரிக்கிறது என்று தண்ணீர் கேட்டாள்.

கிங்ஸ்டனைக் கூப்பிட்டு ஒரே அழுகை. டப்பா மணலை இன்று ராத்திரி கொண்டுபோய்ப் போடுவது என்று முடிவு. எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. உள்ளே இருப்பது அம்மாவென்றால் நாசரேத்தில் அம்மாவின் கல்லறையில் சேர்க்க வேண்டும். அந்தக் குழிக்காரனென்றால் வேம்பார் மேட்டில். மாற்றிப் போட்டால் அம்மா, பேர் தெரியாதவன் குழிக்குள்...

இப்போது ஜாபேஸ் டப்பாவோடு ரோட்டில் நிற்கிறான். கிங்ஸ்டன் என்னிடம் கேட்கிறான், நான் உங்களிடம் கேட்கிறேன். அந்த டப்பாவுக்குள் பாடுவது அம்மாவா... இல்லை, அம்மாவின் பாட்டைக் கற்றுக்கொண்டவனா?